பறவை தங்கும் ஏரியும் பயன்பெறும் ஊரும்

ஐப்பசி மழை பெய்து ஏரி நிரம்பியதும் செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து சேருகின்றன. நத்தைகுத்தி நாரையும், நீர்க்காகமும், வெண்கொக்கும், வக்காவும், அரிவாள் மூக்கனும், துடுப்பு மூக்கனும், கூழைக்கடாவும் தத்தமக்கு ஏற்ற மரங்களைத் தேர்ந்து கூடு கட்டுகின்றன. கார்த்திகை முதல் மாசி வரை அங்கே ஒரு புதிய ஊரே குடியேறியதுபோல் தோன்றும். அக்காட்சியைக் காணச் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வருகின்றனர். இவ்வாறு வருகிறவர்களால் பறவைகளுக்கு நன்மையா, தீமையா? அவ்வூர்க் குடிகளுக்கு அதனால் விளையும் பயன் யாது? பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் இதில் செய்ய வேண்டுவது என்ன? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஏரியும் குளமும் காடும் உள்ள ஊர்கள் நம் நாட்டில் பல. அவற்றுள் பலவற்றிற்கு இன்று இல்லாவிடினும் நாளை பிரயாணிகள் வரக்கூடும். வந்தபின் தவிப்பதைவிட வருமுன் ஆயத்தமாயிருப்பதே அறிவுடைமை. ஆகவே இது வேடந்தாங்கலுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

ஊரார் பெற்ற கவுல்

வேடந்தாங்கல் ஏரி மிகப் பெரியதன்று. அதன் பரப்பு சுமார் 74 ஏக்கர். தாங்கல் என்றால் சிறிய ஏரி என்பதை நம் குடியானவர்கள் அறிவர். அந்நாளில் வேட்டைக்காரர்கள் நாடி வந்த இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். அவ்வேட்டையை நிறுத்தியவர்கள் அவ்வூர் விவசாயிகளே என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுடலாயினர். ஊரார் பொறுக்கவில்லை. அவர்கள் ஒன்று கூடிக் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். அப்போது கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் என்பவர் 1798-ஆம் ஆண்டளவில், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்து ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. அது 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அவ்வேரி சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு மேலும் உறுதியான காப்பு ஏற்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலாகிய ராம்சார் பட்டியலிலும் அதன் பெயர் இடம் பெற்றது.

சட்டமும் பட்டியலும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஊராரின் கட்டுப்பாடு அங்கே இருந்து வந்தது. அக்கட்டுப்பாட்டிற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. விவசாயக் கணக்கும் அதில் அடங்கியிருந்தது. பறவைகள் சுற்றுப்புற நீர்நிலைகளிலும் வயல்களிலும் மீனையும் நத்தையையும் நண்டையும் பூச்சியையும் தின்றுவிட்டு மாலையில் ஏரியில் வந்து தங்குகின்றன. அவற்றின் எச்சம் மரங்களிலிருந்து நீரில் விழுந்து கரைகிறது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்நீர் மதகு வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும்போது, காசின்றிக் கிடைத்த எரு அதனுடன் கலந்தே பாய்கிறது. பல மைல் சுற்றளவில் சிதறிக் கிடந்த சத்தைத் திரட்டிக் கொணர்ந்து ஓர் ஊரின் ஏரியில் சேர்க்கும் இப்பணியை எந்த வண்டியும் ஆளும் இத்துணைக் குறைந்த செலவில் செய்ய இயலாது.

நத்தைகுத்தி நாரையின் முக்கிய ஆகாரம் நத்தை. வரப்பைத் துளைத்து நீரைக் கசியச் செய்யும் வயல் நண்டையும் அது உண்ணும். உழவு மாட்டின் பின்னே நடந்து புழு பூச்சிகளைப் பொறுக்கும் கொக்கை அறியாத உழவர் எவரும் இலர். இவ்வுதவிகளைப் பெற்று வந்த ஊரார் பறவையைக் காத்ததில் வியப்பில்லை. பிரயாணிகளின் வருகை இதற்கு மேல் வந்து சேர்ந்த பயன். முதற்பயன் வயலுக்கே என்பதை மறந்து, இரண்டாவது பயனை மட்டும் நாடினால் இரண்டையும் இழக்க நேரும்.

கூந்தன்குளமும் கொள்ளுகுடிப்பட்டியும்

தெற்கே திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் என்னும் ஊர் இருக்கிறது. மணிமுத்தாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக அங்குள்ள குளத்திற்குத் தண்ணீர் வருகிறது. அது 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களோடு நில்லாமல், ஊருக்குள் தெருவோர மரங்களிலும் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுவது வழக்கம். எச்சம் கூரையில் விழும். மீன் நாற்றம் வீசும். இரவு பகலாகக் குஞ்சுகளின் இரைச்சல் ஓயாது. இவ்வளவையும் அவ்வூரார் பொறுத்துக் கொள்கின்றனர். பறவைகள் வந்தால் மழையும் விளைச்சலும் நன்கு அமையும் என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சை எடுத்து மீன் ஊட்டிக் காப்பாற்றிய வழக்கமும் அங்குண்டு. பறவைகள் தங்கியுள்ள காலத்தில் வெடி வெடிப்பதையும் அவர்கள் தவிர்க்கின்றனர்.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அண்மையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977 முதல் இருந்து வருகிறது. அதனைச் சார்ந்த கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் தீபாவளியன்றும் பட்டாசு கொளுத்துவதில்லை. பண்டிகையன்று பட்டாசு கேட்காத சிறுவர் உண்டோ? அச்சிறுவர்களையும் இணங்க வைத்திருப்பது அவ்வூர்ப் பெரியோர்களின் சிறப்பு. வன இலாகாவினர் அவ்வூராருக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுவதும் வழக்கமாயிருக்கிறது.

இவ்வூர்கள் நமக்குக் காட்டுவது யாது? பறவையைக் காப்பதில் ஊராருக்குச் சில இழப்புகளும் உண்டு. ஓர் ஊர் பட்டாசை விடுகிறது. மற்றோர் ஊர் தூக்கத்தை விடுகிறது. கூடு கட்டும் காலத்தில் மரத்தில் கை வைக்கவும் நீரில் வலை வீசவும் கூடாதென்றால் விறகையும் மீனையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. காட்டோர ஊர்களிலோ இழப்பு இதனினும் பெரிது. யானை வாழைத் தோட்டத்தை ஓரிரவில் அழித்துவிடும். பன்றி நிலக்கடலையைக் கிளறிவிடும். அவ்விழப்பைத் தாங்குகிறவன் ஒருவன், சுற்றுலாவின் வருவாயைப் பெறுகிறவன் வேறொருவன் என்றிருந்தால் வனவிலங்கை ஊரார் எவ்வாறு நேசிப்பர்? காக்கிறவர்களுக்கே பயனில் முதற்பங்கு சேர வேண்டும். பொறுப்புள்ள வனவிலங்குச் சுற்றுலா என்பதன் அடிப்படை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

தேக்கடியில் கண்ட மாறுதல்

இவ்வடிப்படையில் நடந்த ஒரு முயற்சியை நம் தேனி மாவட்டத்தை அடுத்துள்ள தேக்கடியில் காணலாம். தேக்கடியைச் சூழ்ந்த பெரியாற்றுக் காடு கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. அக்காட்டில் வயணா என்னும் மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தனர். இப்பட்டை இலவங்கப் பட்டையின் இனத்தைச் சேர்ந்தது. பட்டை உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போகும். பிடிபட்டவர் சிறை செல்வதும், வெளிவந்தவர் பிழைக்க வழியின்றி மீண்டும் காட்டுக்குள் நுழைவதுமாகக் காலம் கழிந்தது.

1996 முதல் 2004 வரை அங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று நடைபெற்றது. அதன்கீழ் வன இலாகாவினர் அவர்களுடன் சமாதானமாகப் பேசி, அவர்களைக் கொண்டே ஒரு குழுவை அமைத்தனர். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். புலியின் அடிச்சுவடும் யானை செல்லும் வழியும் தெரியும். கள்ளத்தனமாகக் காட்டுக்குள் நுழைகிறவர் எவ்வழியாக வருவர் என்பதும் தெரியும். அந்த அறிவே அவர்களுக்கு நேர்மையான பிழைப்பைத் தந்தது. அவர்கள் பிரயாணிகளைக் கால்நடையாகக் காட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டலாயினர். அதே வேளையில் அவர்கள் காவலர்களாகவும் விளங்கினர். மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரும் இத்தகைய குழுக்களில் சேர்ந்து வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர்.

பெண்களும் பின்தங்கவில்லை. 2002-ஆம் ஆண்டு முதல் வசந்தசேனை என்ற பெயரில் அவ்வட்டாரப் பெண்கள் கூலி பெறாமலே முறைவைத்துக் காட்டைச் சுற்றிக் காவல் புரிந்தனர். திட்டத்திற்கு வந்த பணம் 2004-இல் தீர்ந்தபின் இக்குழுக்கள் கலைந்து போகாதிருக்க ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டது. பிரயாணிகளிடம் நுழைவுக் கட்டணத்துடன் சிறிய கூடுதல் தொகை வசூலித்து, அதனைக் காட்டுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் செலவிடும் ஏற்பாடு உண்டாயிற்று. திட்டம் முடிந்தபின் பணத்திற்கு வழி யாது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தமை இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

அதே தேக்கடியில் துயரமான பாடமும் ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அழைத்து வந்தவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது விருந்தோம்பலில் முதற்கடமை. படகாயினும் பரணாயினும் அது எத்தனை பேரைத் தாங்கும் என்று எழுதி வைத்து, அதற்கு மேல் ஒருவரையும் ஏற்றாதிருப்பதும் பொறுப்புள்ள சுற்றுலாவின் பகுதியே.

பொறுப்பில்லாதபோது நேர்வது

சுற்றுலாவினால் நன்மையே விளையும் என்று எண்ணிவிடலாகாது. நீலகிரி மாவட்டத்துச் சீகூர் பீடபூமி யானைகள் காலங்காலமாக ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்லும் வழியாகும். அங்கே தனியார் தங்கும் விடுதிகள் பல எழுந்தன, வேலிகள் போடப்பட்டன. தண்ணீருக்கும் தீனிக்கும் செல்லும் யானையின் வழி அடைபட்டது. வழி அடைபட்ட யானை வயலுக்குள் இறங்கும் என்பதைக் காட்டோரக் குடியானவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. 2010-இல் அரசாங்கம் அவ்விடத்தை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-இல் உயர்நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தன. புலிகள் காப்பகங்களின் உட்பகுதியில் சுற்றுலா எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் 2012-இல் நாடு முழுமைக்குமாக விதிகள் வகுக்கப்பட்டன. முதலில் கட்டிவிட்டுப் பிறகு நீதிமன்றம் செல்வதைவிட, கட்டுமுன் எண்ணிப் பார்ப்பது யாவர்க்கும் நலம்.

ஏரிக்கரைச் சுற்றுலாவிலும் தீமைகள் நேரக்கூடும். கூட்டுக்கு அருகே ஆட்கள் சென்றாலும், ஒலிபெருக்கி அலறினாலும், வெடி வெடித்தாலும் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்துவிடும். அவ்விடைவெளியில் காகம் வந்து முட்டையைக் கொத்திச் செல்லும். இறகு முளைக்காத குஞ்சு நண்பகல் வெயிலில் நிழலின்றித் துவண்டு இறந்துவிடும். தொல்லை தொடர்ந்தால் பறவைகள் கூட்டையே கைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. ஒரு நாள் பார்க்க வந்தவர் அன்று மாலையே ஊர் திரும்பிவிடுவார். இழப்போ ஏரிக்கும் ஊருக்குமே சேரும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இனி, இத்தகைய ஊர்களில் பஞ்சாயத்து செய்யக்கூடியவற்றைக் கூறுவோம்.

முதலாவதாக, ஊரிலுள்ள செல்வத்தை அறிதல் வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அக்குழு ஊரிலுள்ள மரம், செடி, விலங்கு, பறவை ஆகியவற்றையும் அவை பற்றி ஊரார் அறிந்தவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பல ஊர்களில் இப்பதிவேடு பெயரளவில் நின்றுவிடுகிறது. பள்ளி ஆசிரியரையும், ஆடு மேய்ப்பவரையும், மீன் பிடிப்பவரையும், வயது முதிர்ந்த பெண்களையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதினால் அது பயனுள்ள ஆவணமாகும். எந்த மாதத்தில் எந்தப் பறவை வருகிறது, எந்த மரத்தில் தங்குகிறது, எப்பொழுது திரும்புகிறது என்னும் குறிப்பு ஆண்டுதோறும் இருந்தால்தான், ஏரி நலிகிறதா செழிக்கிறதா என்பது விளங்கும்.

இரண்டாவதாக, ஏரியைப் பேண வேண்டும். நீரில்லாத ஏரிக்குப் பறவை வாராது. பறவை வாராத ஊருக்குப் பிரயாணியும் வாரார். வரத்துக் கால்வாயை மழைக்கு முன் தூர் வாருவதும், மதகையும் கலங்கலையும் பழுது பார்ப்பதும் எல்லாவற்றிலும் முந்திய வேலை. இதற்கென்றே நம் முன்னோர் குடிமராமத்தை ஏற்படுத்தினர். வண்டல் எடுப்பதாயின் பறவைகள் போனபின் கோடையில் உரிய அனுமதியுடன் எடுக்கலாம். அவ்வாறு எடுக்கையில் கூடு கட்டும் மரங்கள் நிற்கும் திட்டுகளைத் தொடலாகாது. நீரில் நின்று தாங்கக்கூடிய நீர்க்கடம்பும் கருவேலும் பறவைகள் விரும்பும் மரங்கள். முதிர்ந்த மரம் சாயுமுன் புதிய கன்று நட்டு வைக்க வேண்டும். ஏரிக்கு நீர் வரும் வழியிலுள்ள வயல்களில் பூச்சி மருந்தைக் கண்டபடி தெளித்தால், அது மழை நீருடன் ஏரியை அடைந்து மீனுக்குள்ளும், மீனைத் தின்னும் பறவைக்குள்ளும் சேரும் என்பதை உழவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, வருகிறவர்களுக்கு வரம்பு வகுக்க வேண்டும். சரணாலய எல்லைக்குள் அதிகாரம் வன இலாகாவினுடையது. எல்லைக்கு வெளியே ஊர்ச்சாலை, வண்டிப்பேட்டை, கடைத்தெரு, குப்பை, குடிநீர் ஆகியவை பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. இருவரும் கலந்து முடிவு செய்யவேண்டும். வண்டிகளைக் கரையருகே விடாமல் தொலைவில் நிறுத்தி, அங்கிருந்து நடந்துவரச் செய்யலாம். நடக்க இயலாத முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஊராரின் மாட்டு வண்டியையோ மின்கலத்தில் ஓடும் வண்டியையோ அமர்த்தினால் இரைச்சலும் குறையும். ஊராருக்கு வேலையும் கிட்டும். ஊதுகுழல், ஒலிபெருக்கி, பட்டாசு ஆகியவை கூடாதென்று ஊர் எல்லையிலேயே பலகை வைக்க வேண்டும். கூடுகளின் மேலே டிரோன் பறக்க விடுவதும் பறவையை வெருட்டும் செயலே. அதனையும் தடுக்க வேண்டும்.

நான்காவதாக, குப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. ஆயினும் வெளியூரிலிருந்து வருகிறவர் கையோடு கொண்டுவருவது நிற்கவில்லை. ஊர் எல்லையில் பைகளையும் புட்டிகளையும் எண்ணி, ஒரு சிறு தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, திரும்பும்போது காட்டினால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எளிய முறையாகும். உணவுக் கடைகளில் வாழையிலையும் மந்தாரை இலையும் இருக்கப் பிளாஸ்டிக்கை நாடுவானேன்?

வேலையும் வருவாயும்

வருவாய் ஊரிலேயே தங்குவதற்கு வழி யாது? வெளியூர் வியாபாரி வந்து கடை போட, ஊரார் வேடிக்கை பார்த்து நிற்பது சுற்றுலா ஆகாது. ஊர் இளைஞர்களுள் ஆர்வமுள்ளவரைப் பொறுக்கி வழிகாட்டிகளாகப் பழக்க வேண்டும். பறவையின் தமிழ்ப் பெயர், அதன் உணவு, கூடு, குஞ்சு பொரிக்கும் காலம் இவற்றைப் பிழையின்றிச் சொல்ல அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் நாரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்தோ சைபீரியாவிலிருந்தோ வருவதாகப் பலர் சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று. நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா முதலிய கூடு கட்டும் பறவைகள் நம் நாட்டைச் சேர்ந்தவையே. தண்ணீரையும் இரையையும் தேடி ஏரிக்கு ஏரி இடம் மாறுகின்றன. வட ஆசியாவின் கடுங்குளிருக்கு அஞ்சி வரும் வாத்து, உள்ளான் வகைகளோ இங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. கூடு கட்டுவது தம் நாட்டில்தான். இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்லும் வழிகாட்டி கேட்பவரின் மதிப்பைப் பெறுவார். நம்மூர் ஏரி கெட்டால் இப்பறவைகளுக்குப் போக்கிடம் குறையும் என்பதும் கேட்பவருக்கு அப்போது உறைக்கும்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் உணவுக்கடை நடத்தலாம். இட்டிலியும், வேர்க்கடலையும், இளநீரும், அந்தந்த வட்டாரத்துப் பண்டமும் போதும். பட்டணத்து ஓட்டலைப் போல் செய்ய வேண்டுவதில்லை. வந்தவர் தேடுவதும் அதுவன்று. பைனாக்குலரும் மிதிவண்டியும் வாடகைக்கு விடலாம். வசதியுள்ள வீட்டார் ஓர் அறையைத் தூய்மை செய்து, கழிப்பிட வசதியுடன் விருந்தினரைத் தங்க வைக்கலாம். ஏரி நீரில் விளைந்த நெல்லை அரிசியாக்கிச் சிறு பைகளில் விற்றால், பறவைகள் உரமிட்ட வயலின் அரிசி என்று வாங்கிச் செல்வோர் இருப்பர்.

பஞ்சாயத்துக்கு வண்டிப்பேட்டைக் கட்டணம் நல்லதொரு வருவாய். கணக்குக்காக ஒன்று சொல்வோம். ஒரு பருவத்தில் 35 விடுமுறை நாள்களில், நாளொன்றுக்கு 100 வண்டிகள் வருவதாகவும், வண்டி ஒன்றுக்கு 30 ரூபாய் பெறுவதாகவும் கொண்டால் 1,05,000 ரூபாய் சேரும். இத்தொகை பெரிதன்று, ஆனால் துப்புரவுப் பணியாளரின் கூலிக்கும், கழிப்பிடத்தைப் பேணுவதற்கும், கால்வாய்ப் பணிக்கும் உதவும். வரவையும் செலவையும் தனிப் பேரேட்டில் எழுதிக் கிராம சபையில் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்பன அந்நாள்கள். நவம்பர்க் கூட்டத்தில் பறவைப் பருவத்திற்கான விதிகளை வகுக்கலாம். மார்ச்சுக் கூட்டத்தில் பருவத்தின் கணக்கைப் படிக்கலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதும் இதற்குப் பொருத்தமே. யாரோ இருவர் வீட்டிற்கு மட்டும் பணம் போகிறதென்ற ஐயம் ஊரில் எழுந்துவிட்டால், நூற்றாண்டுகளாக நின்ற கட்டுப்பாடும் ஓராண்டில் தளர்ந்துவிடும்.

பங்கிடுவதிலும் நியாயம் வேண்டும். தெருவில் கூடு தாங்கும் வீட்டாரும், கூடு கட்டும் காலத்தில் மீன் பிடிக்காது விட்டவரும், விறகை விட்டுக் கொடுத்த ஏழைப் பெண்களும் வேலையிலும் கடையிலும் முதலிடம் பெறவேண்டும். காட்டோர ஊராயின் பயிர்ச்சேதம் அடைந்தவருக்கு அரசாங்க இழப்பீட்டு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, அது கிடைக்கும் வரை தொடர்ந்து கவனிப்பதைப் பஞ்சாயத்து தன் கடமையாகக் கொள்ளவேண்டும்.

மழை பொய்த்த ஆண்டில்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுற்றுலாவை நம்பி விவசாயத்தைக் கைவிடலாகாது. மழை பொய்த்தால் ஏரி வறளும். அவ்வாண்டு பறவைகள் வேறிடம் தேடிப் போகும். வழிகாட்டிக்கும் கடைக்காரருக்கும் அப்போது வேலை இராது. 2020-இல் கொள்ளை நோய் பரவியபோது பறவைகள் இருந்தும் பிரயாணிகள் வர வழியில்லாது போயிற்று. ஆகவே சுற்றுலா வருவாய் வேளாண்மைக்குத் துணையாக நிற்க வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கலாகாது. நல்ல பருவத்தின் வருவாயில் ஒரு பகுதியை வறட்சிக்கென ஒதுக்கி வைப்பது நலம். கடன் வாங்கிப் பெரிய கட்டடம் எழுப்புவதைவிட, உள்ள வீட்டையும் உள்ள கடையையும் திருத்திக் கொள்வதே மேல்.

பறவை வராத ஆண்டில் ஊரார் மனம் தளர்வதும் இயல்பு. காய்ந்த ஏரியில் மரத்தை வெட்டினால் என்ன, ஓரத்தைச் சேர்த்து உழுதால் என்ன என்ற எண்ணம் தலைகாட்டும். கட்டுப்பாட்டிற்கு உண்மையான சோதனை அவ்வாண்டில்தான் வருகிறது. மரமும் கரையும் காக்கப்பட்ட ஏரிக்கு, அடுத்த மழையில் பறவைகள் திரும்பி வரும். அவை இல்லாத ஏரி நிரம்பினாலும் கூடு கட்ட இடமின்றிப் பறவைகள் கடந்து போய்விடும்.

வேடந்தாங்கல் விவசாயிகள் கலெக்டரிடம் சென்று முறையிட்ட காலத்தில் சுற்றுலா என்ற சொல்லும் பிறக்கவில்லை. தம் வயலுக்கும் அந்தப் பறவைக்கும் உள்ள உறவை அவர்கள் கண்ணால் கண்டிருந்தனர். அதைக் காக்க ஒன்று கூடினர். இன்று நம்மிடம் சட்டமும், கிராம சபையும், பதிவேடும், வாயில் தேடிவரும் விருந்தினரும் இருக்கின்றனர். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர் ஏரியையும் அதிலுள்ள பறவைகளையும் ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசுங்கள். எந்த மரத்தைக் காப்பது, எந்தக் கால்வாயைத் திருத்துவது, வருகிறவரை எங்கே நிறுத்துவது என்ற மூன்றையாவது தீர்மானமாக எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அவ்வேலைகள் முடிந்திருக்குமாயின், ஏரி நிரம்பும்போது பறவைகளையும் பின்னர் பிரயாணிகளையும் வரவேற்க உங்கள் ஊர் ஆயத்தமாயிருக்கும்.